வெள்ளிக்காசுக்கு ஒரு வளையம்

ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் என்கிற பகுதியில் எங்களுடையது செமி வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அன்ரி. எங்கள் பாதிக் கூரைக்குப் புது ஷிங்கிள் தகடு போட்டபோது அன்ரியின் பாதியையும் சேர்த்துப் போட்டால் மலிவாக முடியும் என்று என் கணவர் போய்க் கேட்டார். அன்ரியின் மகன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ரோட்டில் நின்று பார்த்தால் கூரையில் பாதி கறுப்பு, மறுபாதி வெளிறிப்போன சாம்பல். வீட்டுக்கு வருகிற எல்லாரும் ஏன் இப்படி என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று.

அன்ரி என்று நான் சொல்வதால் சொந்தம் என்று நினைக்கவேண்டாம். ரொறன்ரோவில் எங்களைவிடப் பத்து வயது கூடின எல்லாரும் அன்ரிதான். அவ யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, நான் தீவுப்பகுதி வேதக்காரி, கத்தோலிக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவே மாட்டோம். இருபது வருடத்துக்கு மேல் சுவீடனில் இருந்தவ. கணவர் அங்கே இறந்த பிறகு, ஒரே மகன் இங்கே இருக்கிறான் என்று வந்து, தன்னுடைய சொந்தக் காசில் இந்தப் பாதி வீட்டை வாங்கினவ. கார் ஓட்டத் தெரியாது. ஆனால் மூன்று நிமிடம் நடந்தால் பஸ் வரும். கோயில், நூலகம், தமிழ்க்கடை, பல் வைத்தியர் எல்லாம் அவவுக்கு அந்த பஸ்தான்.

மகன் நகரத்துக்கு வெளியே வடக்கில், பஸ் ஓடாத ஸ்ரௌவ்விலில் பெரிய புதுவீடு வாங்கினான். வாங்கின நாளிலிருந்து அவனுக்கு ஒரே பல்லவி. அம்மா இந்த வீட்டை விற்றுவிட்டு வந்து எங்கள் பேஸ்மென்ரில் இருக்கட்டும், தனி வாசல், தனிக் குசினி, எல்லாம் இருக்கிறது என்பான். குறை சொல்லக்கூடாது, பேஸ்மென்ற் அழகான பேஸ்மென்ற்தான். அன்ரிக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

"அங்கை என்னத்திலை ஏறிப் போறது?" என்று என்னிடம் கேட்பா. "கோயிலுக்குப் போறதெண்டாலும் மருமகளின்ரை காருக்குக் காத்துக்கொண்டு நிக்கவேணும். அவ வேலையாலை வந்து, களைச்சு, முகத்தை நீட்டிக்கொண்டு என்னை ஏத்தி இறக்கவேணும். நான் என்ன பார்சலோ, பிள்ளை?"

கூரை ஒழுகத் தொடங்கியது. மேல் அறையின் மூலையில் ஒரு மஞ்சள் வட்டம் வந்து, மழைக்கு மழை பெருத்தது. மகனுக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. பழைய வீட்டுக்கு இனிக் காசு கொட்டுவது விசர் வேலை, விற்பதுதான் புத்தி என்றான். பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. முடிவில் தாயும் மகனும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பனி தொடங்குவதற்கு முதல் அன்ரி தன்னுடைய காசில் கூரையைப் போட்டுமுடித்தால் அவன் விற்கிற கதையை இனி எடுக்கமாட்டான். முடிக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஸ்ரௌவ்வில்.

அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பது அன்ரிக்கும் மகனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. வந்ததெல்லாம் அதனால்தான். வாசிக்கிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன், என்னைப்போல நீங்களும் குருட்டுத்தனமாக நடக்கவேண்டாம். அன்ரியிடம் ஒரு பழைய சுவீடன் வெள்ளிக்காசு இருந்தது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழசு. அங்கே அவ வீட்டுவேலை செய்துகொடுத்த ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர், பிள்ளை குட்டி இல்லாதவ, சாவதற்கு முதல் அதை அவவின் கையில் வைத்து மூடிவிட்டுப் போனாவாம். டவுன்ரவுனில் பழங்காசு வாங்கி விற்கிற ஒருவரிடம் அன்ரி தனியாக பஸ்ஸும் சப்வேயும் ஏறிப் போய்க் காட்டியிருக்கிறா. அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு பழுதில்லாமல் இருப்பது அருமை, இப்படியே கொண்டுவந்தால் எடுக்கிறேன் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலை கூரைக்குப் போதும்.

இடையில் இடுப்பு ஒபரேசனுக்குத் திகதி வந்துவிட்டது. இரண்டு வருடம் காத்திருந்த திகதி, விடமுடியாது. காசை விற்பதைத் திரும்பிவந்து செய்வோம் என்று அன்ரி நினைத்தா. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம், ஊன்றுகோலோடு எங்கள் வாசலுக்கு வந்து ஒரு சின்னத் துணிப்பையை என்னிடம் தந்தா.

"பிள்ளை, இதை ஒருக்கால் கவனமா வைச்சிரும். சுவீடன் ரீச்சர் தந்தது."

"மகனிட்டைக் குடுக்கேல்லையோ அன்ரி?"

"அவனிட்டைக் குடுத்தால் அவன்ரை மனிசி கொண்டுபோய் பாங்க் லொக்கருக்கை போட்டிடுவா. பிறகு அதைக் கேட்டு எடுக்கிறதுக்கு நான் படுற பாடு... உம்மட்டை இருக்கட்டும்."

திற என்று சொல்லவில்லை. திறக்காதே என்றும் சொல்லவில்லை. நான் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதலே திறந்துவிட்டேன். எனக்கு அந்தக் குணம் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, மறைத்து என்ன பயன்.

உள்ளே வட்டமான ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் வெள்ளி. கூட்டில் சின்னதாக ஏதோ எழுத்தும் இலக்கமும் ஒட்டியிருந்தது. கடையில் ஒட்டின விலைத்துண்டு என்று நினைத்துச் சுரண்டி எடுத்தேன். வெள்ளி நல்ல பாரம், இரண்டு டொலர்க் குற்றிக்காசைவிடப் பெரிது, ஓரமெல்லாம் கறுத்துப்போய் இருந்தது. ஒரு பக்கத்தில் இயேசுநாதர் முழு உருவமாக நிற்கிறார். ஒரு கை ஆசீர்வதிக்கிறது, மற்றக் கையில் சிலுவை வைத்த உலக உருண்டை. சுற்றிவர இலத்தீன். பழைய பூசைப்புத்தகங்களில் பார்த்த சொற்கள் என்பதால் எனக்கு அரைகுறையாக விளங்கியது, உலக இரட்சகரே எங்களை இரட்சியும் என்பதுபோல. மறுபக்கத்தில் தலைமயிரை விரித்துவிட்ட ஒரு இளம் பெண். அவளைச் சுற்றியிருந்த எழுத்தில் முதல் பெயர் எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலில் சுருபம் இருந்த ஒரு அர்ச்சிஷ்டவளின், ஒரு புனிதையின் பெயர். எனக்கு வேறு என்ன வேண்டும்? ஒரு பக்கம் கர்த்தர், மறுபக்கம் அர்ச்சிஷ்டவள். இது மெடல். செபமாலையில் கோர்க்கிற, கழுத்தில் போடுகிற, மந்திரித்த மெடல். அன்ரி சைவக்காரி என்றபடியால் தன்னிடம் இருப்பது என்ன என்றே தெரியாமல் இவ்வளவு காலமும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறா என்று நான் பரிதாபப்பட்டேன். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் என்று வருடம் வேறு போட்டிருந்தது. அது அந்த அர்ச்சிஷ்டவள் வேதசாட்சியாக மரித்த வருடம் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்.

எங்கள் ஆட்கள் ஒபரேசனுக்குப் போகிறவரை மந்திரித்த மெடல் ஒன்று இல்லாமல் விடமாட்டார்கள். கழுத்தில் போடவிடாவிட்டால் தலையணைக்குக் கீழே வைப்போம், அதுவும் விடாவிட்டால் தாதியைக் கெஞ்சிக் கட்டிலில் பிளாஸ்ரரால் ஒட்டுவோம். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அப்படித்தான் ஒட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த முறை மூன்று கிழமை எங்கள் வீட்டுக்குச் சமைத்தது அன்ரி. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, பின்னேரம் வந்து என் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போவா. என் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் இதே நகரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் ரெலிபோனில் சுகம் விசாரித்தார்கள். அந்த நன்றிக்கு நான் எதுவும் செய்யவில்லையே என்று எனக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இப்போது வழி கிடைத்துவிட்டது. மெடலுக்கு ஒரு வளையம் வைத்து, மந்திரித்து, சங்கிலியில் கோர்த்து அவவின் கழுத்தில் போடவேண்டும்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்தவர், சத்தத்தைக் குறைத்தார்.

"உமக்கென்ன விசரோ? ஆரின்ரையோ சாமானைத் திறந்ததே பிழை. அதுக்குள்ளை வளையமும் வைக்கப்போறீரோ?"

"நல்லதுக்குத்தானே செய்யிறன்."

"நல்லதெண்டால் கேட்டுப்போட்டுச் செய்யும்."

"ஒபரேசனுக்குப் போற மனிசியைப் போய் எப்பிடிக் கேக்கிறது? கேட்டால் அவ எனக்கென்னத்துக்குப் பிள்ளை உந்தச் செலவு எண்டு சொல்லுவா."

"நீர் ஒண்டை நினைச்சால் ஆர் சொல்லி நிப்பாட்டுறது" என்று சொல்லிவிட்டு அவர் சத்தத்தைத் திரும்பக் கூட்டினார். அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதும் கொஞ்சம் தெரியும். சரி என்று தெரிந்தபடியால்தான் கோபம் வந்தது.

ஸ்காபரோவில் நான் வழமையாகப் போகிற நகைக்கடையில், பின்னுக்கு ஒரு சின்ன மேசையில் இருந்து திருத்த வேலை செய்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார். என் பிள்ளைகளின் காதுத்தோடெல்லாம் அவர் கையில்தான் திருத்துப்பட்டது. அவர் வெள்ளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது காசு போலையெல்லே கிடக்கு."

"காசிலை இயேசுநாதர் இருப்பாரோ அண்ணை? அது மெடல்."

"பழைய சாமான். ஓட்டை போட்டாலும், வளையம் ஒட்டினாலும், பிறகு பழையபடி வராது. வீட்டிலை ஒருக்கால் கேட்டிட்டு வாங்கோவன்."

"அண்ணை, நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். சொன்னதைச் செய்து தாங்கோ."

மேலே ஒரு வளையம் ஒட்டினார். ஒட்டினால் சூட்டில் நிறம் மாறும், அதனால் முழுவதையும் பொலிஷ் பண்ணவேண்டும் என்றார். பண்ணுங்கோ என்றேன். சக்கரத்தில் பிடித்து, துடைத்து, என் கையில் தந்தபோது அது பளபளவென்று புதுச் சாமான்போல இருந்தது. இயேசுநாதரின் முகம் கொஞ்சம் மழுங்கினதுபோல எனக்குப் பட்டது. பழசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பொலிஷுக்கு அவர் காசு எடுக்கவில்லை. அதற்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தேன்.

எங்கள் வேதக்கோயிலில் பூசை முடிந்து பங்குச் சுவாமியிடம் நீட்டினேன். அவருக்குப் பின்னால் ஒரு ஞானஸ்நானம் காத்துக்கொண்டிருந்தது. அழகாய்க் கிடக்கு என்று சொல்லி, தீர்த்தம் தெளித்து, சிலுவை வரைந்து தந்துவிட்டுப் போய்விட்டார்.

ஒபரேசன் முடிந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் இரண்டு நாளும் வீட்டாட்களைத் தவிர மற்றவர்களை விடவில்லை. ஒரு கையில் சூப் போத்தல், மற்றக் கையில் நகைக்கடைச் சிவப்புப் பெட்டி. அன்ரி கட்டிலில் முதுகு நிமிர்ந்து இருந்தா, முகம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் மகனும் மருமகளும். மருமகள் கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் வந்ததும் அன்ரி சிரித்து, "கூரைக்காரனுக்குக் கோல் எடுத்தனான் பிள்ளை, ரெண்டு கிழமையிலை வாறானாம்" என்றா. வீட்டுக்கு வந்தவுடன் அலுவல் பார்க்கவேண்டும் என்ற அவசரம் அவவுக்கு. நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. எனக்கு என் பெட்டியைத் திறக்கிற அவசரம்.

திறந்து, சங்கிலியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

"அன்ரி, கழுத்தைக் காட்டுங்கோ. சுவாமியிட்டை மந்திரிச்சுக் கொண்டுவந்தனான்."

அன்ரி கையை நீட்டவில்லை. அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பவும் அதைப் பார்த்தா. மனிதர் ஒருவரின் முகம் இப்படி ஒரு நொடியில் வயதாவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்ன பிழை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஏதோ பெரிய பிழை என்பது மட்டும் விளங்கியது.

மகன் எழும்பி வந்து காசைக் கையில் வாங்கினான். வளையத்தைப் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான்.

"அம்மா, உது ரீச்சரின்ரை காசெல்லே?"

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இது உங்களிட்டை எப்பிடி வந்தது? ஆரைக் கேட்டு இதைச் செய்தனீங்கள்?"

மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வியில் கள்ளி என்ற சொல் இருந்தது. மருமகள் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி சொன்னா.

"நான்தான் குடுத்துச் செய்யச் சொன்னனான்."

"நீங்களோ?"

"ஓம். கழுத்திலை போட ஆசையாக் கிடந்துது."

மகன் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றான். அவன் சத்தம் போடவில்லை, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னான்.

"அம்மா. இதை வித்துக் கூரை போடுறன் எண்டு சொன்னது நீங்கள். தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, விளிம்பிலைதான் பிடிக்கவேணும் எண்டு எனக்குப் பாடம் எடுத்ததும் நீங்கள். இப்ப கொண்டுபோய் வளையம் வைக்கச் சொல்லியிருக்கிறியள். அதெல்லாம் மறந்துபோச்சோ?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. காசு, கூரை, இரண்டு கிழமையில் வரப்போகிற கூரைக்காரன், வீடு. அம்மாவுக்கு ஞாபகம் தட்டுப்படுகிறது, தனியே விடமுடியாது என்று அவன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். அவனுக்குத் தேவையான பதில் எது என்பது அன்ரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒரு சொல் சொன்னால் போதும். தம்பி, அம்மாவுக்கு இது தெரியாது, நான் என்ரை பாட்டிலை செய்தனான் என்று ஒரு வசனம். மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகனும் அம்மாவைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்தான். நான் குனிந்து சூப் போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஓம் தம்பி" என்று அன்ரி சொன்னா. "மறந்துபோனன்."

அவன் காசைச் சிவப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினான். மருமகள் அன்ரியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் நின்று சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பார்க்கிங் முடியப்போகிறது என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். பார்க்கிங்குக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. டவுன்ரவுன் ஆளிடம் மகனே கொண்டுபோய்க் காட்டினான். வளையத்தைக் கழற்றலாம், தழும்பு போகாது, பொலிஷ் பண்ணினதை ஒருவராலும் திரும்பக் கொடுக்கமுடியாது, வெள்ளியின் எடைக்குக் கொஞ்சம் மேலே தரலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்ரியை மறுவாழ்வு நிலையத்தில் வைத்து நடை பழக்கிக்கொண்டு இருக்கும்போதே வீட்டு வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. நான் அடுக்களை யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் தேத்தண்ணி போட்டேன். பத்து நாளில் விற்றுப்போயிற்று.

பொதி கட்டுவதற்கு அன்ரியை இரண்டு நாள் கொண்டுவந்து விட்டார்கள். நான் போய் உதவினேன். அவ கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். ஏசுவா என்று எதிர்பார்த்துத்தான் போனேன். நல்லாக ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவ அந்தக் கதையையே எடுக்கவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"ஏன் அன்ரி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்னை? என்ரை கண்ணுக்கு முன்னாலை உம்மைக் கள்ளி எண்டு சொல்ல விடுறதோ?"

"நான் அவனிட்டை உண்மையைச் சொல்லுறன்."

"இனிச் சொல்லி? வீடு கைவிட்டுப் போயிட்டுது. விடும் பிள்ளை." பிறகு சிரித்தா, உண்மையான சிரிப்புத்தான். "நீர் அர்ச்சிஷ்டவள் எண்டு நினைச்ச மனிசி ஆர் தெரியுமோ? சுவீடனை ஆண்ட ராணி. பிறகு முடியை வேண்டாமெண்டு வைச்சிட்டு, உங்கடை வேதத்துக்கு மாறி, உரோமாபுரியிலை போய்ச் செத்தவவாம். ரீச்சர் சொன்னவ. அவ்வளவுக்கு நீர் பெரிய பிழையில்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் பெட்டிக்கு மேல் குனிந்து ஒளித்தேன். விடும் பிள்ளை என்று அவ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவவே வேண்டாம் என்றால் நான் ஏன் சொல்லவேண்டும் என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் கிரிக்கெட்டின் சத்தத்தைக் கூட்டினார். அது நல்ல அறிகுறி இல்லை.

ஈஸ்டருக்கு முதல் வருகிற தபசுகாலத்தில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழுவதையும் சொன்னேன், சூப் போத்தல் உட்பட. அன்று இருந்தது வேறு சுவாமி, வயதானவர். பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். பிறகு, "அந்த மகனிட்டைப் போய்ச் சொன்னனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப மூண்டு காணாது" என்றார். நான் எழும்பி வரும்போது அவர் மேல் எனக்குக் கோபம். மூன்று கிழமை அந்தக் கோபத்தோடு திரிந்தேன்.

பனி உருகின பிறகு ஒரு சனிக்கிழமை ஸ்ரௌவ்விலுக்குப் போனேன். இடியப்பமும் சொதியும் கொண்டு போனேன், வெறுங்கையோடு போகிற தைரியம் இல்லை. அன்ரி பேஸ்மென்ரில் வெளிச்சமான பக்கமாகக் கதிரையைப் போட்டு இருந்தா. கால் நல்லாக நடக்கிறது, ஆனால் நடந்து போக இடமில்லை. வாசலிலிருந்து ஒரே மாதிரி வீடுகள், அதற்கப்பால் இன்னும் கட்டி முடியாத வீடுகள், அதற்கப்பால் வயல். கோயிலுக்குப் போய் ஆறு கிழமை ஆயிற்று என்று சொன்னா. முறைப்பாடாகச் சொல்லவில்லை, இன்றைக்கு வெயில் என்பதுபோலச் சொன்னா. அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. ரூஜில் இருந்த அன்ரி எதையும் முறைப்பாடு இல்லாமல் சொன்னதில்லை.

திரும்பிப் போகும்போது மகன் வாசலில் நின்று குளிர்கால டயர்களைக் கழற்றிக்கொண்டு இருந்தான். நான் காருக்குப் போகாமல் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, உம்மோடை ஒரு கதை."

"சொல்லுங்கோ அக்கா."

"அந்தக் காசுக்கு வளையம் வைக்கச் சொன்னது அம்மா இல்லை. அவவுக்கு ஒண்டும் தெரியாது. வைச்சிரும் எண்டு தந்ததை நான்தான் திறந்து, நான்தான் கொண்டுபோய்ச் செய்தனான். அவ என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னவ."

அவன் கையிலிருந்த டயர்ச் சாவியை நிலத்தில் வைத்தான். ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அம்மா ஒண்டையும் மறக்கிற ஆள் இல்லை. நான் ஏழாம் வகுப்பிலை துலைச்ச கையுறையை இண்டைக்கும் சொல்லிக் காட்டுறவ."

"தெரிஞ்சுகொண்டோ வீட்டை வித்தனீர்?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. எதிர்வீட்டில் காருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவன் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு அம்மா என்னோடை இருக்கவேணும். அவ தனிய விழுந்து கிடப்பாவோ எண்டு ஒவ்வொரு நாளும் பயந்தனான். அண்டைக்கு ஒரு சாட்டுக் கிடைச்சுது, எடுத்தன். ஆனால் உடனை எடுக்கேல்லை. அம்மா சொன்னது பொய்யெண்டு அவ சொல்லேக்கையே தெரியும். உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"என்னையோ?"

"ஓம். நீங்கள் சொல்லுவியள் எண்டு. சொல்லியிருந்தால் எனக்கு வேறை வழியில்லை, கூரையை நானே போட்டுக் குடுத்திருப்பன். அம்மாவிலை பிழையில்லையெண்டால் நான் என்னத்தைச் சொல்லி அவவை வெளிக்கிடுத்துறது? நீங்கள் கீழை குனிஞ்சிட்டியள்."

அவன் திரும்பவும் சாவியை எடுத்து அடுத்த டயருக்குப் போனான். போயிட்டுவாறன் என்று சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. காரை எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு தாயை அந்த பேஸ்மென்ரில் கொண்டுபோய் இருத்தின அவனை, பாதிவழியில் இருக்கிற மார்க்கம் நகரம் வரும்வரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மார்க்கம் தாண்டின பிறகு அவனைத் திட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்கு அந்த அறையில் எல்லாரும் என் ஒரு வசனத்துக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், நான் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு நின்றிருக்கிறேன்.